கொப்பியின் பின்பக்கம்: கெட்டிக்காரப் பிள்ளைக்கு நம் ஆரம்பப் பாடசாலை என்ன கொடுக்கிறது?

தரம் 3, கணிதப் பாடவேளை. கரும்பலகையில் 12 கழித்தல் கணக்குகள் எழுதிப் போட்டிருந்தேன். வகுப்பில் 41 பிள்ளைகள். பாதிப் பேர் மூன்றாவது கணக்கிலேயே பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கத் தெரியாமல் நின்றுவிட்டார்கள். நான் மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருந்த ஒருவன் பத்து நிமிடத்தில் பன்னிரண்டையும் முடித்துவிட்டு, கொப்பியின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். “முடிஞ்சுதா? அப்ப கையைக் கட்டிக்கொண்டு இரு” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.

பின்னேரம் கொப்பி திருத்தும்போதுதான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். 155, 138, 100, 176 என்று பஸ் இலக்கங்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கோடு. இரண்டு கோடுகள் சந்திக்கிற இடத்திலும் கோடு முடிகிற இடத்திலும் சின்ன வட்டம், வட்டத்துக்குள் ஹோல்ட்டின் பெயர். கீழே, மட்டக்குளியிலிருந்து மகரகமைக்குப் போக எத்தனை வழி, எந்த வழியில் பஸ் மாறுவது குறைவு என்று ஒரு பட்டியல். எழுத்துப் பிழைகள் இருந்தன. கணக்குப் பிழை இல்லை. அவனுக்கு எட்டு வயது. அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவர். வீட்டில் பாடப்புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் இருந்திருக்காது.

கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் பல வருடங்கள் படிப்பித்தவள் நான். அந்தக் கொப்பியை மூடிய பிறகு எனக்குள் எழுந்த கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு நம்முடைய கல்வி முறையில் என்ன இருக்கிறது? ஒன்று இருக்கிறது: இரண்டு வருடம் கழித்து வரும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. அதுவரைக்கும்? கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஆசிரியர் பயிற்சியில் ‘மீத்திறன் பிள்ளைகள்’ என்ற சொல்லை எல்லோரும் படிக்கிறோம். ‘மெல்லக் கற்கும் பிள்ளைகள்’ என்பதும் அதே பாடத்தில்தான் வரும். பாடசாலைக்குள் வந்ததும் இரண்டுக்கும் கிடைக்கிற கவனிப்பு வேறுபட்டுப் போகிறது. மெல்லக் கற்கும் பிள்ளைக்குப் பரிகாரக் கற்பித்தல் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நேரம் ஒதுக்குவோம், பதிவு வைப்போம், மேற்பார்வைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்பார்கள். மாற்றுத் திறனுள்ள பிள்ளைகளுக்கு பல பாடசாலைகளில் விசேட கல்விப் பிரிவு இருக்கிறது. இவை போதுமான அளவு இல்லை என்பது வேறு கதை, ஆனால் இருக்கின்றன. வகுப்பை விட்டு முன்னால் ஓடிவிட்ட பிள்ளைக்கு என்ன செய்தாய் என்று என்னிடம் ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். மீத்திறன் என்றால் முதலாம் பிள்ளையாக வருவது என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1972இல் மார்லண்ட் அறிக்கை என்று ஒன்று அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குப் போனது. பொதுவான அறிவாற்றலோடு ஒரு குறிப்பிட்ட பாடத்தில் உள்ள திறமை, ஆக்கச் சிந்தனை, தலைமைத்துவம், கலைத் திறன் போன்றவற்றையும் அது கணக்கில் எடுத்தது. 1978இல் ஜோசப் ரென்சுலி என்ற கல்வியாளர் அதை மூன்று வளையங்களாகச் சொன்னார்: சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், ஆக்கத் திறன், எடுத்த காரியத்தில் ஊன்றி நிற்கும் குணம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தில்தான் மீத்திறன் தெரியும் என்பது அவருடைய கருத்து. எனக்கு அது பிடித்த விளக்கம், ஏனென்றால் வகுப்பில் நான் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. எழுத்து அழகாக இருக்கிற, சொன்னதைச் சொன்னபடி செய்கிற, கேள்வி கேட்காத பிள்ளையைத்தான் நாங்கள் கெட்டிக்காரப் பிள்ளை என்கிறோம். மீத்திறன் உள்ள பிள்ளை பல சமயம் வேறு மாதிரி இருக்கும். கொப்பி அழுக்காக இருக்கும். பாதியில் வேலையை விட்டுவிட்டு வேறொன்றைத் தொடங்கும். “ஏன் டீச்சர்?” என்று நாலு தடவை கேட்கும். பிழை விட்டுவிடுவோமோ என்று பயந்து எழுதாமலே இருந்துவிடுகிற பிள்ளையும் உண்டு. வாசிக்கத் தடுமாறுகிற, ஆனால் வாயால் சொன்னால் எந்தக் கணக்கையும் போட்டுவிடுகிற பிள்ளையும் உண்டு. அதைச் சோம்பேறி என்றுதான் அறிக்கையில் எழுதுவார்கள்.

சரி, புலமைப்பரிசில் பரீட்சைக்கு வருவோம். அதைத் திட்டுவது சுலபம். அது எதற்காக வந்தது என்பதை மறந்துவிட்டுத் திட்டக்கூடாது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர். அம்பலாங்கொடையில் ஒரு சிறு பாடசாலையில் படித்தவர். அங்கே பரிசளிப்பு விழாவுக்கு வந்த காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார், பரிசுகளில் பெரும்பகுதியை ஒரே பையன் வாங்கிக்கொண்டு போவதைக் கண்டு விசாரித்தார். அந்த அறிமுகத்தின் வழியாகத்தான் ரிச்மண்டில் புலமைப்பரிசிலோடு படிக்கும் வாய்ப்பு கன்னங்கராவுக்கு வந்தது. அந்தக் கதை தெரிந்தால் அவர் பின்னால் செய்தது விளங்கும். 1940களில் நகரத்துக்கு வெளியே மத்திய கல்லூரிகளைத் தொடங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். கிராமத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து, விடுதியில் சேர்த்து, சாப்பாடு போட்டுப் படிக்க வைத்தார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தது. சுருட்டுத் தொழிலாளியின் மகனும் கமக்காரனின் மகளும் டாக்டராகவும் என்ஜினியராகவும் ஆனது அந்தப் பாதையில்தான். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கதையும் அதுதான்.

அந்தப் பாதையின் அடிப்படை எண்ணம் ஒன்று: நல்ல பாடசாலை வேறெங்கோ இருக்கிறது, பிள்ளையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அன்றைக்கு அது உண்மை. ஆனால் எண்பது வருடமாக நாங்கள் அந்த ஓர் எண்ணத்தை மட்டுமே வைத்துக்கொண்டு ஓடுகிறோம். பிள்ளை இப்போது உட்கார்ந்திருக்கிற வகுப்பில் அதற்கு என்ன கொடுக்கலாம் என்ற கேள்வி எழவே இல்லை. தேர்ந்தெடுப்பது வேறு, ஊட்டுவது வேறு. பரீட்சை முதலாவதைச் செய்கிறது. இரண்டாவதைச் செய்ய நம்மிடம் ஆளில்லை.

இன்றைய நிலைமை இது. வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. ஒன்று நுண்ணறிவு, மற்றது பாடங்கள் சார்ந்தது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு மொழிமூலமும் மாறும். அதைத் தாண்டுகிறவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. பரிசு இரண்டு வகை: பிரபல பாடசாலையில் தரம் 6க்கு இடம், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மாதாந்தப் பணம். அந்தப் பணத்தை 2025 வரவுசெலவுத் திட்டம் 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்தியது. கொழும்பில் ஒரு பாடத்துக்கான ரியூசன் காசுக்கே அது பற்றாது.

ரியூசன் என்றதும் நிறுத்திச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சனிக்கிழமை காலையில் நடந்து பாருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓட்டோவில் ஓடுகிறார்கள். தரம் 3இலேயே தொடங்குகிறார்கள். ஒவ்வொரு வருடமும் பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் ரியூசன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஓய்வு கொடுக்கச் சட்டம் போட வேண்டியிருக்கிறது என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது. 2024 செப்டெம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையில் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்று கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கும்படி டிசெம்பர் 31ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நான்கு மாதத்துக்கும் மேல் பிள்ளைகள் பெறுபேறு தெரியாமல் காத்திருந்தார்கள். மூன்று கேள்விக்காக நாடே நீதிமன்ற வாசலில் நின்றதென்றால், அந்த 200 புள்ளியின் மேல் நாங்கள் எவ்வளவு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள்.

நுண்ணறிவு வினாத்தாள் மீத்திறனைக் கண்டுபிடிக்கத்தானே வைக்கப்பட்டது என்று கேட்பீர்கள். ஒரு கேள்வியை முதன்முதலாகப் பார்க்கிற பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதைத்தான் அப்படிப்பட்ட சோதனை அளக்க முடியும். அதே வகைக் கேள்வியை நூறு தடவை பயிற்சி செய்த பிள்ளையிடம் அது பயிற்சியைத்தான் அளக்கும். பயிற்சிக்குக் காசு வேண்டும். கூட்டிக்கொண்டு போக வீட்டில் ஓய்வாக ஒரு பெரியவர் வேண்டும். முகத்துவாரத்தில் ஒரே அறை வீட்டில் இருக்கிற பிள்ளையும், மூன்று ஆசிரியரிடம் போகிற பிள்ளையும் ஒரே தாளை எழுதுகிறார்கள்.

கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் ஒரு தமிழ், தெருவில் சிங்களம், தொலைபேசியில் ஆங்கிலம், கொப்பியில் எழுத்துத் தமிழ். மூன்று மொழியிலும் கடைக்காரரோடு பேரம் பேசத் தெரிந்த பிள்ளை, வினாத்தாளில் ‘பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது’ என்ற வாக்கியத்தில் தடுக்கி விழும். மூன்று மொழியைச் சமாளிப்பதே ஒரு திறமை என்று அந்தத் தாளில் எங்கும் புள்ளி இல்லை.

ஒரே நாளில் ஒரே சோதனையை வைத்துப் பிள்ளையை முடிவு கட்டுவதில் உள்ள ஆபத்துக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1921இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டேர்மன் என்ற உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை வைத்து 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனித்தார். அந்தச் சோதனையில் தேறாமல் விடுபட்டவர்களில் இருவர் வில்லியம் ஷொக்லி, லூயிஸ் அல்வரேஸ். முன்னவருக்கு 1956இலும் பின்னவருக்கு 1968இலும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? அதுவும் சரியில்லை. ஆசிரியரின் கண்ணும் தவறும். என் கண் தவறியதை மேலே சொன்னேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தில், ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளைத்தான் முன்பு மீத்திறன் வகுப்புக்குச் சோதித்தார்கள். 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு சிறு சோதனை வைத்தார்கள். ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிற பிள்ளைகள் என்று அதுவரை யார் கண்ணிலும் படாதவர்கள் நிறையப் பேர் வெளியே வந்தார்கள். பிறகு பணத் தட்டுப்பாடு வந்து அந்தச் சோதனையை நிறுத்தியதும் நிலைமை பழையபடி ஆனது. டேவிட் கார்ட், லோரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் 2016இல் இதை எழுதினார்கள். அந்தச் சோதனைக்கு ரியூசன் கிடையாது, யாரும் பாடசாலை மாறத் தேவையில்லை, பெயிலான பிள்ளை என்று பெயரும் கிடையாது. யாருக்கு மேலதிகமாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று அறிந்துகொள்ளத்தான் வைத்தார்கள். நம்முடையது யாரை உள்ளே விடுவது என்பதற்கான கதவு.

அமெரிக்காவிலும் எல்லா இடத்திலும் இந்தச் சேவை இருப்பதாக எண்ண வேண்டாம். மீத்திறன் பிள்ளைக்குச் சேவை கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே தேசியச் சட்டம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சிங்கப்பூர் 1984இல் தொடங்கிய திட்டத்தில் தரம் 3 பிள்ளைகளைச் சோதித்து, சுமார் நூற்றுக்கு ஒருவரை ஒன்பது பாடசாலைகளில் சேர்த்தார்கள். 2024இல் அவர்களே அதை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்றாமல், ஒவ்வொரு ஆரம்பப் பாடசாலையும் தன் பிள்ளைகளுக்குத் தானே செய்வதுதான் புதிய வழி. பிரித்தெடுப்பதில் கெட்டிக்காரர்களான அவர்களே, நாற்பது வருடம் பார்த்த பிறகு, பிள்ளை இருக்கிற இடத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

இங்கே, 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், ஒரே ஆசிரியர் தமிழும் கணிதமும் சுற்றாடலும் படிப்பிக்கிற இடத்தில், என்ன செய்ய முடியும்? நான் செய்து பார்த்ததையே சொல்கிறேன். பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு கணக்கு எழுதிப் போடும்போது, கடைசியில் வரும் கடினமான மூன்றுக்கு நட்சத்திரம் போடுவேன். விரும்புகிறவர்கள் முதலில் அந்த மூன்றைச் செய்யலாம். மூன்றும் சரியென்றால் மற்ற ஒன்பதும் செய்யத் தேவையில்லை. அவ்வளவுதான். முதல் நாள் எல்லோரும் பாய்ந்தார்கள். ஒரு வாரத்தில் ஐந்தாறு பேராகக் குறைந்தார்கள். அந்த ஐந்தாறு பேர் ஒவ்வொரு அலகுக்கும் மாறினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். கழித்தலில் முந்தியவன் வடிவங்களில் பின்னால் போனான். வடிவங்கள் அலகில், ஒரு நாளும் கை உயர்த்தாத ஒரு பெண் பிள்ளை மூன்று நாளும் நட்சத்திரக் கணக்குகளை முடித்தாள். எந்தப் பரிந்துரைப் பட்டியலிலும் நான் அவள் பெயரை எழுதியிருக்க மாட்டேன்.

மிஞ்சிய நேரத்துக்கு என்ன? இங்கேதான் பலர் சறுக்குகிறோம். முடித்த பிள்ளைக்கு இன்னும் பன்னிரண்டு கணக்கு கொடுப்பது தண்டனை. கெட்டிக்காரப் பிள்ளை சீக்கிரமே மெதுவாகச் செய்யப் பழகிக்கொள்ளும். மற்றப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க விடுவது எப்போதாவது நல்லது, தினமும் என்றால் அது நம் வேலையை அதன் தலையில் போடுவது. கொடுக்க வேண்டியது ஆழமான ஒரு கேள்வி. பஸ் பாதை வரைந்தவனுக்கு, அந்தப் பக்கத்தைப் பார்த்த மறுநாள் ஒன்று கேட்டேன்: “மட்டக்குளியில ஏறி, எல்லா வட்டத்துக்கும் ஒரே ஒரு தடவை போயிட்டு, திரும்பி மட்டக்குளிக்கே வர ஏலுமா?” மூன்று நாள் அவன் வேறொன்றும் பேசவில்லை. நாலாம் நாள் கொப்பியோடு வந்தான். “ஏலாது டீச்சர். இந்த வட்டத்துக்கு ஒரு கோடுதான் வருது. உள்ள போனா அதே வழியாலதான் திரும்பணும், அப்ப மற்ற வட்டத்துக்கு ரெண்டாம் தடவை போகணும்.” பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறவர்கள் இதே விஷயத்தைத் தடித்த புத்தகங்களில் படிக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியைத் தயாரிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் கொப்பியிலேயே அது இருந்தது.

இன்னொரு வழி, ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்புக்கு அனுப்புவது. ‘டபுள் புரமோஷன்’ என்று ஒரு காலத்தில் இருந்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள், முழுதாக ஒரு வகுப்பைத் தாண்ட வைப்பது. அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. ஆனால் தரம் 3 பிள்ளை கணிதத்துக்கு மட்டும் தரம் 4இல் போய் இருந்துவிட்டு வரலாம். அதற்கு ஒரே ஒரு தடைதான்: நேரசூசி. தரம் 3க்குக் கணிதம் முதலாம் பாடவேளையிலும் தரம் 4க்கு ஐந்தாம் பாடவேளையிலும் இருந்தால் முடியாது. எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் கணிதம் வைத்துவிட்டால் முடியும். மெல்லக் கற்கிற பிள்ளையும் அதே வசதியில் கீழ் வகுப்புக்குப் போய் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு வரலாம்.

அதற்கும் மேல், கொழும்பில் இருக்கிறோம் என்பதே ஒரு சொத்து. விஹாரமகாதேவி பூங்காவைச் சுற்றி நடக்கிற தூரத்தில் பொது நூலகமும் தேசிய நூதனசாலையும் இருக்கின்றன. நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. வடகொழும்பிலிருந்து ஒரு பஸ். தரம் 5 வரைக்கும் ஒரு தடவைகூட அங்கே போகாத பிள்ளைகள் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பெரும்பான்மை.

இதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைக்கே இன்னும் கொடுப்பது இல்லையா, பின்னால் நிற்கிறதை யார் பார்ப்பது என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, நானும் அப்படித்தான் வருடக்கணக்காக நினைத்தேன். ஆனால் வசதியான வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு வீடு கொடுக்கும். புத்தகம் வாங்கிக் கொடுக்கும், செஸ் வகுப்புக்கு அனுப்பும். மூட்டை தூக்குபவரின் பிள்ளைக்குக் கொடுக்கப் பாடசாலையை விட்டால் வேறு யாரும் இல்லை. நாங்கள் கொடுக்காமல் விட்டால் முன்னால் நிற்கிற பிள்ளைகள் எல்லோரும் இழப்பதில்லை, ஏழைப் பிள்ளை மட்டும்தான் இழக்கிறது.

மீத்திறன் என்று நெற்றியில் ஒட்டவும் தேவையில்லை. நட்சத்திரக் கணக்குக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. இன்று முந்துகிறவர் இன்று செய்வார், நாளை வேறொருவர். அம்மாமார் ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வருந்தவும் அதில் ஒன்றும் இல்லை.

நேரசூசி தயாரிப்பது வருடக் கடைசியில். ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பானவர் ஒரு பெரிய தாளில் பென்சிலால் கட்டம் போட்டு நிரப்புவார். எந்த அமைச்சிடமும் அனுமதி கேட்காமல், ஒரு ரூபா செலவில்லாமல், தரம் 3, 4, 5க்குக் கணிதத்தை ஒரே நேரத்தில் வைக்கக்கூடிய இடம் அந்தத் தாள்தான். பெற்றோருக்கும் ஓர் இடம் இருக்கிறது. தவணை முடிவில் அறிக்கை வாங்க வரும்போது, “எத்தனையாம் பிள்ளை?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். என்னிடம் அப்படிக் கேட்காமல் வேறு கேள்வி கேட்ட ஒரே ஒரு அம்மா, வடிவங்கள் அலகில் முந்திய அந்தப் பெண் பிள்ளையின் அம்மா. “மற்றப் பிள்ளைகளுக்கு முன்னம் முடிச்சா, இவ பிறகு என்ன செய்யிறா டீச்சர்?” என்று கேட்டார். நான் கொப்பியைத் திறந்து காட்டினேன்.